மட்டையில் பிழையில்லை

பரந்தன் சந்தியில் விளையாட்டுச் சாமான் கடை வைத்துத் துடுப்பாட்ட மட்டை விற்கிற எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ஆட்டமிழந்த எவனும் பிழையைத் தன்னோடு வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான், மட்டையோடு சேர்த்து அதையும் கொண்டுவந்து என் மேசையில்தான் வைப்பான். பந்து கால் இடுக்கால் போய் விக்கெட்டைச் சாய்த்திருக்கும். மட்டைக்கும் பந்துக்கும் இடையே ஒரு கன்றுக்குட்டி நடந்து போயிருக்கலாம். ஆனாலும் "அக்கா, இந்த மட்டை சரியில்லை" என்றுதான் கதை தொடங்கும்.

செருப்புக் கடை, கண்ணாடிக் கடை, தையல் கடை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் இப்போதே தலையாட்டுவீர்கள். "என் காலில்தான் பிழை" என்று சொல்லிக்கொண்டு உங்களிடமும் ஒருவரும் செருப்பைத் திருப்பித் தந்திருக்க மாட்டார்கள். அந்த வகையில் நாமெல்லாம் சொந்தக்காரர்கள். ஆறுதலுக்காகச் சிலவற்றை உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அண்ணை இல்லையோ?

கடையை நடத்துவது நான். என் கணவர் யோகன் கடையின் பின்பக்கத்தில் இருந்து வலை பின்னுவார், பந்துக்குக் காற்றடிப்பார், மட்டைப் பிடிக்கு றப்பர் போடுவார். அவர் கரப்பந்தாட்டக்காரர். துடுப்பாட்டத்தைத் தொலைக்காட்சியில் போட்டால் முதல் ஓவர் முடியுமுன் கதிரையிலேயே நித்திரையாகிவிடுவார். ஆனால் கடைக்குள் வருகிற பொடியன்கள் என்னைத் தாண்டி அவரைத்தான் தேடுவார்கள்.

ஒருநாள் ஒருவன் வந்தான். நான் மட்டைகளை வரிசையாக எடுத்துப் போட்டேன். எது பாரம், எது இலேசு, எதைத் தட்டினால் சத்தம் உள்ளே இருந்து வருகிறது, எது வெறும் மினுக்கம் என்று தொண்டை வறளச் சொன்னேன். நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு, "அண்ணை இல்லையோ?" என்றான். நான் யோகனைக் கூப்பிட்டேன். அவர் பாதி பின்னிய வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, மட்டைகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, "எல்லாம் பலகைதானே தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொடியன் அவர் போன பக்கத்தை எட்டிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துச் சொன்னான்:

"அக்கா, நீங்கள் முதல் காட்டினதையே தாங்கோ. அண்ணையைக் கேட்டது சும்மா ஒரு மரியாதைக்கு."

பதினொரு பேருக்கு ஒரு மட்டை

எங்கள் பக்கத்தில் மட்டை என்பது பெரும்பாலும் ஆளுக்குச் சொந்தமில்லை, விளையாட்டுக் கழகத்துக்குச் சொந்தம். காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு கழகங்கள் மட்டை வாங்க வரும். தலைவரும் செயலாளரும் மட்டும் வந்தால் பின்னால் ஊரில் பிரச்சினை வரும் என்பதால் எல்லாரும் வருவார்கள். கண்டாவளையிலிருந்து ஒரு கழகம் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் முழு அணியாக வந்து இறங்கியது. உடம்பில் வைக்கோல் தூசு இன்னும் போகவில்லை.

தொடக்க ஆட்டக்காரனுக்கு இலேசான மட்டை வேண்டும். அடித்து ஆடுகிறவனுக்கு உலக்கை மாதிரி வேண்டும். விக்கெட் காப்பாளனுக்குப் பிடி மெல்லிசாக இருக்க வேண்டும். தலைவருக்கு என்ன வேண்டுமென்று அவருக்கே தெரியவில்லை, ஆனால் மற்றவர்கள் சொல்வது எதுவும் வேண்டாம். ஒருவன் வீசிப் பார்த்ததில் என் மின்விசிறியின் ஓர் இதழ் வளைந்தது. அது இன்றைக்கும் சுற்றும்போது முனகும். மதியச் சாப்பாட்டு நேரமும் போய்விட்டது. கடைசியில் களைத்துப்போன தலைவர், அதுவரை வாசலில் பேசாமல் நின்ற ஒருவனைப் பார்த்து "நீ எடடா" என்றார். அவன்தான் அணியில் கடைசியாக ஆடுகிறவன். பெரும்பாலும் அவன் முறை வருமுன் ஆட்டம் முடிந்துவிடுமாம். அவன் வந்து நடுத்தரமான ஒன்றைத் தோளில் வைத்துக் கடைக்குள் இரண்டு தரம் நடந்து பார்த்துவிட்டு, இதுதான் என்றான். ஏன் என்று கேட்டேன்.

"அடிக்கிற ஆக்களுக்கு எந்த மட்டையும் சரி அக்கா. வருஷம் முழுக்கத் தூக்கித் திரியிறது நான்தானே."

தோள் மட்டம்

நிரோசா முதன்முதலில் வந்தது அதே மாதத்தில். முல்லைத்தீவு பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கி, கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மட்டைக் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஆளை அதற்கு முன் நான் கண்டதில்லை. "எங்கட அவருக்கு ஒரு மட்டை வேணும் அக்கா" என்றாள். அவர் வரவில்லையா என்றேன். "அவருக்குத் தெரியாது" என்றாள். ஆள் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். நிமிர்ந்து நின்று, கையைத் தன் உச்சந்தலையில் வைத்துக் காட்டி, "இது அவரின்ர தோள்மூட்டு" என்றாள். கை எவ்வளவு பெரிது என்று கேட்டேன். என் கையைப் பிடித்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ர கையை அவர் பிடிச்சால் விரல் நுனிகூட வெளியில தெரியாது" என்றாள். சொன்ன பிறகுதான் வெட்கம் வந்தது அவளுக்கு. எனக்கும் வந்தது. மட்டை அளவு அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அவள் பாரமான மட்டையையே எடுத்தாள். அவர் முந்தி அப்படித்தான் பாவித்தாராம். நான் சுற்றிக் கட்டும்போது கதை வந்தது. உடையார்கட்டில் அவள் கணவர் சுதனைத் தெரியாத ஆள் இல்லை. கழகத்தின் தலைவர், அடிக்கிற பந்து வீதியைத் தாண்டிப் போகும். ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் மோட்டார் சைக்கிளில் வரும்போது வீதியில் படுத்திருந்த மாட்டோடு மோதிவிட்டார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. யாழ்ப்பாணத்தில் பொய்க்கால் போட்டுவிட்டார்கள். நடக்கிறார், வயலுக்கும் போய் வருகிறார். வந்து கதிரையில் இருந்தால் இருந்ததுதான். கழகப் பொடியன்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்து, பிறகு வருவதை விட்டுவிட்டார்கள். "வேலையெல்லாம் செய்யிறார்தானே, நல்லதுதானே" என்று நான் ஏதோ ஆறுதலுக்குச் சொன்னேன். அவள் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"முந்தி ஒரு ஆட்டம் தோத்தால் ஆர் பிழை விட்டதெண்டு விடியும் மட்டும் ஏசுவார் அக்கா. நான் காதைப் பொத்திக்கொண்டு படுப்பன். இப்ப வீட்டில கோழி கத்துறது மட்டும்தான் கேக்குது."

படகுக்கு ஆகுமெண்டால்

கடினப் பந்து மட்டைக்கு எண்ணெய் பூசி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பதப்படுத்திய பிறகுதான் ஆட வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடும். அதற்கு ஆளி விதை எண்ணெய் இருக்கிறது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஒரு பொடியனுக்கு மட்டையோடு ஒரு போத்தல் எண்ணெயும் கொடுத்து, எப்படிப் பூசுவது என்றும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த கிழமை அவன் வாசலுக்கு வருமுன் மணம் வந்துவிட்டது. யோகன் பின்பக்கத்திலிருந்து "என்ன, மீன் ஏத்துற வான் வந்து நிக்குதோ?" என்று கேட்டார். பொடியன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவன் தகப்பன் பெருமையோடு நின்றார். விஷயம் இதுதான். நான் கொடுத்த எண்ணெயை அவர் விரலில் தொட்டுப் பார்த்து, இது தண்ணீர் மாதிரி இருக்கிறது, இதெல்லாம் மரத்துக்கு ஏறாது என்று முடிவு செய்திருக்கிறார். படகுக்குப் பூச வைத்திருந்த சுறா எண்ணெயை எடுத்து, மகனின் மட்டைக்கு மூன்று பூச்சுப் பூசி, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை பக்கத்திலேயே காவலிருந்திருக்கிறார். அந்தோனியாரின் படத்தடியில் ஓர் இரவு வைத்தும் எடுத்திருக்கிறார். மட்டை கருங்காலி மாதிரி மினுங்கியது. பொய் சொல்லக்கூடாது, அவ்வளவு அன்பாகப் பதப்படுத்திய மட்டையை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் மைதானத்துப் பூனைகள் எல்லாம் அவன் ஆடுகிற பக்கத்தில் வந்து குந்திக்கொண்டனவாம். விக்கெட் காப்பாளன் மூக்கில் துவாய் கட்டிக்கொண்டு நின்றானாம். நான் மெதுவாகத் தகப்பனிடம் எடுத்துச் சொன்னேன். அவருக்கு விளங்கவேயில்லை.

"நடுக்கடலில நாலு பேரின்ர உயிரைத் தாங்குற பலகைக்கு இது ஆகுமெண்டால், ஒரு பந்தைத் தாங்குற பலகைக்கு ஆகாதோ பிள்ளை?"

திரும்பி வந்த மட்டை

நிரோசா மட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். சுற்றின கடதாசி கசங்கியிருந்தது, மட்டையின் விளிம்பில் மண் ஒட்டியிருந்தது. மண் பட்ட மட்டையைத் திருப்பி எடுக்கிற வழக்கம் எங்கள் கடையில் இல்லை. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டேன்.

மட்டையைக் கொடுத்தபோது சுதன் வாங்கி ஒருதரம் புரட்டிப் பார்த்தாராம். அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டாராம். இரண்டொரு நாள் கழித்து, அவள் குசினிக்குள் நிற்கும்போது அவர் மட்டையை எடுத்துக்கொண்டு வீட்டு வளவுக்குள் போயிருக்கிறார். சுற்றிவரப் பார்த்துவிட்டு, முந்தி நிற்கிற மாதிரி நின்று, பலமாக ஒரு வீச்சு வீசினாராம். மட்டையின் பாரம் அவரை இழுத்துக்கொண்டு போய், ஆள் அப்படியே முகங்குப்புற விழுந்துவிட்டார். எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு, மட்டையைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். அன்று இரவு சாப்பிடும்போது, அதைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று மட்டும் சொன்னாராம். "வேற ஒண்டு தாங்கோ அக்கா" என்று நிரோசா கேட்டாள். எந்த மட்டையைக் கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தரம் விழுந்தால் அந்த மனிதர் இனி ஒரு மட்டையையும் தொடமாட்டார் என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. கொஞ்சம் பொறு, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் விழுந்தபோது நீ என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிண்டனான் அக்கா. ஓடிப்போய்த் தூக்கியிருந்தால் நான் கண்டது அவருக்குத் தெரிஞ்சிருக்குமெல்லோ."

கனடாக்காரரின் கோல்ஃப் மட்டை

கண்டாவளையில் காணி பார்க்கக் கனடாவிலிருந்து நேசராசா அண்ணை வந்திருந்தார். அவர் ஒருநாள் கடைக்குள் ஒரு நீளப் பையைக் கொண்டுவந்தார். உள்ளே கோல்ஃப் மட்டை. நீளமான தண்டு, நுனியில் பலாக்கொட்டையைப் பெரிதாக்கின மாதிரி ஒரு தலை. பந்தை ஆகத் தூரத்துக்கு அடிக்கிற மட்டை அதுவாம், பெயர் ட்றைவர். நம்முடைய வெயிலில் பிடி றப்பர் உருகிக் கழன்றுவிட்டது, மாற்ற முடியுமா என்று கேட்டார். யோகனுக்குப் புதுச் சாமானைக் கண்டால் உற்சாகம் வந்துவிடும். துடுப்பாட்ட மட்டையின் றப்பர் ஒன்றை எடுத்து இழுத்துப் பூட்டத் தொடங்கினார்.

அதற்குள் அண்ணை தன் பாட்டைச் சொல்லத் தொடங்கினார். முதலில் தொலைக்காட்சியில் வெல்கிற ஆள் வைத்திருந்த ட்றைவரை வாங்கினாராம். பந்து பக்கத்துக் காட்டுக்குள் போனது. பிறகு கூட்டாளி வைத்திருந்ததை வாங்கினார். அது மற்றப் பக்கத்துக் காட்டுக்குள் போனது. பிறகு கடையிலேயே ஆக விலை கூடினதை வாங்கினார். அதில் பந்து போகவேயில்லை. பழைய மட்டைகளை எறிய மனமில்லாமல் வீட்டில் சேர்த்து வைத்ததில், உடுப்புக் காயப்போடக் கொடித் தடி வேண்டியதில்லை என்று அவர் மனைவி சந்தோஷப்பட்டாராம். நான் சிரித்துவிட்டேன். ஏழு கடல் தாண்டிப் போனாலும் பிழை மட்டையில்தான் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

பிறகு அவருக்கு முழங்கால் மாற்றிச் சத்திரசிகிச்சை செய்தார்களாம். அதன் பின் போன கடையில் ஒரு பெண்பிள்ளை அவருடைய கையைப் பார்க்கவேயில்லையாம். நிற்கச் சொல்லி, காலைப் பார்த்து, இருப்பதிலேயே இலேசான ட்றைவரை எடுத்துக் கொடுத்தாளாம். "வாங்கோ காட்டுறன்" என்று எங்களைக் கடைக்குப் பின்னால் அறுவடை முடிந்த வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மண்ணாங்கட்டி ஒன்றின் மேல் பந்தை வைத்து வீசினார். முதல் வீச்சில் மண்ணாங்கட்டி போனது. இரண்டாவதில் பந்து போனது. கொக்குகள் எழும்பிப் பறந்தன, பந்து போன இடம் தெரியவில்லை. மூன்று பேரும் வெயிலில் வைக்கோலைக் கிளறித் தேடினோம், கிடைக்கவில்லை. ஆனால் அறுபது தாண்டிய அந்த மனிதர் வீசி முடித்தும் ஆடாமல் அசையாமல் நின்றாரே, அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி அண்ணை விழாமல் நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கை எதுக்கும் ஆசைப்படும் தங்கச்சி. தாங்குறது கால். மட்டை எடுக்கேக்க காலைத்தான் கேக்கோணும்."

காலைக் கேட்டு எடுத்தது

அன்று பின்னேரமே மேல்தட்டில் தேடி, மென்பந்து மட்டைகளில் ஆக இலேசானதை எடுத்தேன். பாடசாலைப் பிள்ளைகள் வாங்குகிற சாதி. நிரோசாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, முல்லைத்தீவு பஸ் கொண்டக்டர் ரஞ்சனிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் மருந்து, மாப்பிள்ளை வேட்டி, உழவு இயந்திர உதிரிப்பாகம் எல்லாம் அப்படித்தான் போய்ச் சேரும். ரஞ்சன் உடையார்கட்டுக்காரன்தான். யாருக்கு என்று கேட்டுவிட்டு, மட்டையை ஓட்டுனர் ஆசனத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போனான். எனக்கு அன்று நித்திரை வரவில்லை. விழுந்தாரோ, விழவில்லையோ என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பத்து நாளிருக்கும், சுதன் தானே வந்து நின்றார். நிரோசா காட்டின உயரம் அச்சொட்டாகச் சரி. முகத்தில் சிரிப்பில்லை. மட்டையை மேசையில் போட்டு, "இது என்ன, பஞ்சில செய்ததோ? பள்ளிக்கூடப் பிள்ளையள் விளையாடுறதை எனக்கு ஏன் அனுப்பினனீங்கள்?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் மட்டை சரியில்லை என்று கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். ஆடிப் பார்க்காத ஆள் குறை சொல்ல மாட்டார் அல்லவா? எங்கே சரியில்லை, காட்டுங்கள் என்றேன். கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று காட்டினார். முந்தின மாதிரிப் பக்கவாட்டில் நிற்காமல், நெஞ்சைக் காட்டிக் கொஞ்சம் நேராக நின்றார். அப்படி நின்றால் இடது காலுக்குப் பாரம் வராது. அதை அவர் தானாகவே வளவுக்குள் கண்டுபிடித்திருக்கிறார். எத்தனை தரம் விழுந்து கண்டுபிடித்தார் என்று நான் கேட்கவில்லை. வீசும்போது நுனி இழுக்கிறது என்றார். யோகன் பின்னாலிருந்து வந்து, பிடியில் இருந்த றப்பருக்கு மேலே இன்னொரு றப்பரைப் பூட்டிக் கொடுத்தார். பாரம் கைப்பக்கம் வந்தால் நுனி இழுக்காது. சுதன் வீசினார். இன்னொரு தரம் வீசினார். முகம் மாறியது. உடனே அதை மறைத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்:

"அவா கேட்டால் மட்டை சரியில்லையெண்டே சொல்லுங்கோ அக்கா. சரியெண்டால் நாளைக்கே விளையாடப் போகச் சொல்லுவா."

கட்டினவையும் கட்டாதவையும்

சித்திரை வருஷத்தோடு உடையார்கட்டில் ஒரு ஆட்டம் நடக்கும். கலியாணம் கட்டினவர்கள் ஒரு பக்கம், கட்டாதவர்கள் மறுபக்கம். வெற்றிக் கிண்ணம் எங்கள் கடையில் வாங்கினது என்பதால் என்னையும் யோகனையும் அழைத்திருந்தார்கள். நாங்கள் போனபோது சுதன் மரத்தடியில் இருந்தார். பக்கத்தில் உரப்பை, அதற்குள் மட்டையின் பிடி மட்டும் தெரிந்தது. அவர் பெயரைக் கடைசி ஆளாகப் போட்டிருந்தார்கள். ஆடுவேன் என்று அவர் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நிரோசா பெண்களோடு இருந்தாள். ஒரு விக்கெட் விழும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கட்டினவர்களின் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது மரியாதை. வயிறும் வயதும் ஒன்றாகக் கூடிவிட்ட மனிதர்கள். ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது வெல்ல ஆறு ஓட்டம் இருந்தது. சுதன் எழும்பி, உரப்பையிலிருந்து மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். நடுவராக நின்றவன் நம்முடைய கொண்டக்டர் ரஞ்சன். அவருக்குப் பதிலாக ஓட ஓராள் வேண்டும் என்றான். கட்டினவர்களில் ஓடக்கூடிய நிலையில் ஒருவரும் இல்லை. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கையில், நிரோசா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்க் கோட்டில் நின்றாள். பாடசாலையில் ஓடினவளாம். கட்டாதவர்கள் கூச்சல் போட்டார்கள். ரஞ்சன் கையை உயர்த்தி, "கலியாணம் கட்டின ஆக்களின்ர அணிதானே? கட்டினது அவாவைத்தானே? ஓடலாம்" என்று தீர்ப்புச் சொன்னான்.

முதல் பந்தை ஒரு பொடியன் இரக்கப்பட்டு மெதுவாக உருட்டிவிட்டான். சுதன் அதை மட்டையால் நிறுத்தி, எடுத்து அவனிடமே எறிந்து, "ஒழுங்காப் போடடா. நான் சாமி கும்பிட வரேல்லை" என்றார். கழகப் பொடியன்கள் எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலமோ. அடுத்த பந்து வேகமாக வந்தது. நேராக அடித்தார். அது பனையடியைத் தாண்டி நான்கு ஓட்டத்துக்குப் போனது. அதற்கடுத்த பந்தையும் அதே பக்கம் அடித்தார். ஆட்கள் இல்லாத இடம், இரண்டு ஓட்டம் எடுக்கலாம். நிரோசா ஓடத் தொடங்கினாள். அப்போதுதான் அது நடந்தது. தனக்குப் பதிலாக ஓட ஆளிருப்பதைச் சுதன் மறந்துவிட்டார். அவரும் ஓடினார். மட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, ஆனால் ஓட்டம்தான், நடையில்லை. விழவில்லை. ஒரு ஓட்டம் எடுத்துத் திரும்பின நிரோசா எதிரே அவர் ஓடி வருவதைக் கண்டாள். கண்டதும் நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். பந்தை வைத்திருந்த பொடியனும் எறியாமல் நின்றான். பிறகு யாரோ கத்த, எறிந்தான். விக்கெட் சாய்ந்தது. நிரோசா இன்னும் நடுவில்தான் நின்றாள். ரஞ்சன் விரலைத் தூக்கினான், மற்றக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தூக்கினான். வெற்றியைத் தவறவிட்ட கட்டினவர்கள் ஏன் கைதட்டுகிறார்கள் என்று துடுப்பாட்டம் தெரியாத யோகன் என்னைக் கேட்கவில்லை. அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

சுதன் மட்டும் கைதட்டலைக் கவனிக்கவில்லை. மூச்சிரைக்க நின்றுகொண்டு, "நடுவில நிண்டு என்னத்தைப் பார்த்தனீ? ஓடெண்டால் ஓடவேணும்!" என்று நிரோசாவுக்கு மைதானமே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார். அடுத்த கிழமை அவள் கடைக்கு வந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். பந்து வாங்க வந்திருந்தாள், அவர் தினமும் பின்னேரத்தில் மைதானத்துக்குப் போகிறாராம். வந்து கதிரையில் இருந்ததும் சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது. என்ன பிள்ளை என்று கையைப் பிடித்தேன்.

"வீடு வந்து சேரும் மட்டும் ஏசிக்கொண்டுதான் வந்தவர் அக்கா. சாப்பிடேக்கயும் ஏசினவர், படுத்தாப்பிறகும் ஏசினவர். நான் காதைப் பொத்தேல்லை, விடியும் மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தனான்."

ஆட்டமிழந்த பிறகும் மட்டையில் பிழை சொல்லாத ஒரே ஒரு ஆட்டக்காரரை இத்தனை வருஷ வியாபாரத்தில் கடைசியாக நானும் கண்டுவிட்டேன், என்ன, அந்த மனிதர் பிழை முழுவதையும் பெண்சாதியின் தலையில் போட்டுவிட்டார்.